நீராவிப் படகைக் கட்டி வைப்பது: ஐப்பசியிலா, தை மாதத்திலா?

அரசலாறு16 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இப்பத்தான் முதல் தடவையா கேக்குறேன்.

என்கிட்ட இருக்கிறது 16 அடி ஃபைபர் படகு. நிமிர்ந்த பாய்லர், இரும்புக் கூடு, இரும்பு டியூப். கழுத்துவரை ரொப்பினா 22 லிட்டர் பிடிக்கும். 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்துல ஓட்டுறேன். எஞ்சின் ஒத்தை சிலிண்டர். வார்ப்பை இங்கிலாந்துலேருந்து வரவழைச்சு திருச்சியில ஒரு லேத் பட்டறையில கடைஞ்சு முடிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. இந்த வருஷம் ஆத்துல தண்ணி வந்ததும் சோதனை ஓட்டம். ஆடிப்பெருக்கு அன்னிக்கு அம்மாவையும் பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு முதல் சவாரி, கும்பகோணத்துக்குக் கீழே அரசலாத்துல நாலு கிலோமீட்டர். தண்ணி விலகுற சத்தமும் சிலிண்டர் மூச்சு விடுற சத்தமும்தான் கேட்டுச்சு. கரையில துணி துவைச்சிட்டு இருந்தவங்க கையை நிறுத்திட்டுப் பார்த்தாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஆயுத பூஜைக்குப் பாய்லருக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, அன்னிக்கே ஒரு ஓட்டம் ஓட்டிட்டு, உள்ள இருந்த தண்ணியைப் பாதி அளவுல அப்படியே விட்டுக் கொட்டகையில ஏத்திட்டேன். அப்புறம் தீபாவளி வேலை, மழை. மூணு வாரம் ஓடிப்போச்சு. நேத்து கேஜ் கிளாஸ் (தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய்) காக்கைத் திறந்தா டிக்காஷன் மாதிரி தண்ணி. கைத்துளை (பாய்லர் உள்ள பார்க்கக் கை விடுற ஓட்டை) மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். தண்ணி நின்ன மட்டத்துல சுத்திவர ஒரு விரல் அகலத்துக்குச் செங்கல் பொடி மாதிரி துரு. வயித்தைக் கலக்கிடுச்சு.

வெளிநாட்டுக் கையேடு எல்லாத்துலயும் குளிர்காலத்துக்குக் கட்டி வைக்கிற, அதாவது ஓட்டாத மாசங்களுக்குப் படகை மூடி வைக்கிற அத்தியாயம் ஒண்ணு இருக்கு. தண்ணி உறைஞ்சா குழாய் வெடிக்கும், அதனால வடிச்சிடுன்னு சொல்றாங்க. நமக்கு மார்கழியில விடியக்காலம் 20 டிகிரி வந்தாலே கம்பளி போத்திக்கிறோம். அப்ப அந்த அத்தியாயம் நமக்கு வேண்டாமா? வேணும்னா எப்ப செய்யணும்? மழை தொடங்கும்போதா, மேட்டூரை மூடுற ஜனவரி 28க்கு அப்புறமா?

---

பொன்மலை_ஓய்வு எழுதியது:

தம்பி, முதல்ல பயத்தை விடு. மூணு வாரத் துரு மேல் துருதான். கம்பி பிரஷ் போடு, கழுவு, வெளிச்சம் வச்சுப் பாரு. குழி விழுந்திருக்கான்னு நகத்தால தடவிப் பாரு. பரவலா இருக்கிற துரு பார்க்கத்தான் அசிங்கம், ஆபத்து குறைவு. குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குழி ஆழமா இறங்கியிருந்தா அதுதான் டியூபை ஓட்டை போடும்.

தண்ணி மட்டத்துல மட்டும் ஏன் கோடு விழுந்தது? இரும்பு துருப்பிடிக்கத் தண்ணியும் ஆக்சிஜனும் சேர்ந்து வேணும். 30 டிகிரியில இருக்கிற ஒரு லிட்டர் தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். அந்தக் கொஞ்சம் செலவாயிட்டா அடித்தண்ணி சாதுவாயிடும். ஆனா மேல்மட்டத்துல காத்து தொட்டுக்கிட்டே இருக்கு, செலவான ஆக்சிஜனுக்குப் பதிலா புதுசு இறங்கிட்டே இருக்கு. பாதி ரொப்பி வச்ச பாய்லருக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. ரயில் எஞ்சின் (லோகோ) பக்கம் வேலை பார்த்த காலத்துல எனக்குச் சொல்லிக் கொடுத்த மேஸ்திரி ஒரே வார்த்தைதான் சொல்வார்: ஒண்ணு முழுக் குடம், இல்ல காலிக் குடம். அரைக்குடம் கூடாது.

காலிக் குடம்னா எப்படின்னு சொல்றேன். கடைசி ஓட்டம் முடியுற நேரத்துல நெருப்பை இறக்கிடு. அடுப்புல ஒரு கங்கு இருக்கக் கூடாது. அழுத்தம் தானா இறங்கட்டும். 1 கிலோவுக்கு வந்ததும் அடி வால்வைத் திறந்து வெளியேத்து, அந்தப் பக்கம் ஆளு, மாடு எதுவும் இல்லைன்னு பார்த்துக்கிட்டு. 7 கிலோவுலயே திறந்துடாதே. கூடு ஒரு வேகத்துல சுருங்கும், டியூப் ஒரு வேகத்துல சுருங்கும், டியூப் முனையெல்லாம் கசிய ஆரம்பிச்சிடும். முள் பூஜ்யத்துக்கு வந்ததும் முதல் வேலை மேல் காக்கைத் திறக்கிறது. மறந்தா உள்ள வெற்றிடம் பிடிச்சிடும். காத்துப் போற சத்தம் நின்ன பிறகுதான் கைத்துளை மூடி, பிளக் எல்லாம் கழட்டணும். பாய்லர் இரும்புல மிச்சம் இருக்கிற சூடே உள்ளே இருக்கிற ஈரத்தை விரட்டிடும். தொட்டா கை சுடுற சூட்டுல திறந்தாத்தான் அது நடக்கும். ஆறின பிறகு திறந்தா அடியில ஒரு டம்ளர் தண்ணி நின்னுட்டே இருக்கும்.

பிறகு உள்ள ஈரம் உறிஞ்ச ஏதாவது வைக்கணும். அந்தக் காலத்துல பெரிய பாய்லருக்கெல்லாம் தட்டுல சுட்ட சுண்ணாம்பு வைப்போம், நீத்தாத சுண்ணாம்பு. அது ஈரம் குடிச்சு உப்பும், அதனால தட்டுல பாதிக்கு மேல போடக் கூடாது. உன் கைத்துளையில தட்டு நுழையாது. சிலிகா ஜெல் வாங்கித் துணிப்பையில கட்டி உள்ள தொங்கவிடு. நீலமா இருக்கிறது ரோஸ் ஆச்சுன்னா ஈரம் குடிச்சிடுச்சுன்னு அர்த்தம், வெளிய எடுத்து ஓவன்ல காய வச்சுத் திரும்பப் போடு. சமையல் பாத்திரத்துல வறுக்காதே, அந்த நீலம் விஷம். கடைசியா எல்லாத் துளையையும் காத்துப் புகாம மூடிடு.

---

சவுக்குத்தோப்பு எழுதியது:

ஐயா சொன்ன முறை சரி. நேரம் விஷயத்துல மட்டும் எனக்கு வேற கருத்து.

நான் வேதாரண்யம் பக்கம். ஒன்பது வருஷமா ஓட்டுறேன். ஐப்பசி கார்த்திகையில நான் பாய்லரை மூடுறதே இல்லை. வாரம் ஒரு தடவை நெருப்புப் போட்டுடுவேன். ஓடுற இரும்பு துருப்பிடிக்காது. மூடி வச்ச இரும்புக்குத்தான் துரு. தை கழிஞ்சு ஆத்துல தண்ணி நின்ன பிறகு, வெயில் நல்லா ஏறும்போது மூடினா, வேலை பாதிதான். வெளிக்காத்தே உலர்த்திடும்.

விறகு பத்தி யாரும் கேக்கலை, ஆனா சொல்லிடுறேன். நம்ம பக்கத்துச் சவுக்கு மாதிரி படகுக்கு வேற விறகு கிடையாது. நேராப் பிளக்கும், புகை குறைவு. கொட்டாங்குச்சி சூடு கொடுக்கும், ஆனா டியூப்ல தார் மாதிரி படியும். உமி பக்கம் போகவே போகாதீங்க. அரிசி ஆலை பாய்லருக்கு அதுக்குன்னே தனி அடுப்பு இருக்கு, நம்ம சின்ன அடுப்புல சாம்பல்தான் மிஞ்சும்.

---

பொன்மலை_ஓய்வு எழுதியது:

> வாரம் ஒரு தடவை நெருப்புப் போட்டுடுவேன்

எவ்வளவு நேரம்? அதுலதான் இருக்கு எல்லாம். ரெண்டு மணி நேரம் முழு அழுத்தத்துல ஓடி, எஞ்சினும் நல்லா சூடாகி, முடிச்சுட்டு வடிச்சு உலர்த்தினா நீங்க சொல்றது நியாயம். அரை மணி நேரம் புகை விட்டுட்டு அணைச்சா, ஒவ்வொரு வாரமும் புதுத் தண்ணியோட புது ஆக்சிஜனைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றீங்க. சிலிண்டர் உள்ள நீராவி தண்ணியா மாறி அங்கேயே நிக்கும். சும்மா இருக்கிறதைவிட அது மோசம்.

---

மூன்றாம்_மதகு எழுதியது:

சவுக்குத்தோப்பு அண்ணன் இருக்கிறது கடைமடையில, வேதாரண்யம் கால்வாய்ப் பக்கம். அங்க மழைக்காலத்துலயும் தண்ணி அமைதியா நிக்கும். அந்த வழக்கத்தை அரசலாத்துக்கும் வெண்ணாத்துக்கும் எடுத்துக்க வேண்டாம்னு கேட்டுக்கிறேன்.

16 அடி படகு எவ்வளவு எரிச்சாலும் மணிக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டாது. நீர்மட்டத்துல படகோட நீளம் அடிக்கணக்குல எவ்வளவோ, அதோட வர்க்கமூலத்தை 1.34ஆல பெருக்கினா வர்ற நாட் (கப்பல் வேக அளவு) கணக்குதான் அதோட எல்லை. கார்த்திகையில மேல மழை பெஞ்சு மதகு எல்லாம் தூக்கிவிட்டா ஆத்து வேகம் அதுல பாதிக்கு மேலேயே வந்துடும். எதிர்த்து ஏற முடியாது. கீழ்நோக்கிப் போனா அடுத்த மதகுக்கு முன்னாடி நிறுத்த முடியுமான்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. நான் ஒரு ஐப்பசியில அப்படி மாட்டி, கரையில இருந்த நாணல்ல படகைச் சொருகித் தப்பிச்சேன். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒண்ணு வந்து புரொப்பல்லரைச் சுத்திடுச்சு. பின்னோக்கி ஓட்டிக் கழட்ட அரை நிமிஷம் பிடிச்சது. அந்த அரை நிமிஷத்துல இருநூறு அடி போயிட்டேன்.

அதனால ஆத்துப் படகுக்கு ஐப்பசியிலதான் கட்டு. மார்கழியில வெள்ளம் தணிஞ்சா பொங்கலுக்கு ஒரு ஓட்டம் ஓட்டலாம்.

---

கம்பிரியாத்_தமிழன் எழுதியது:

சொந்த ஊர் மன்னார்குடி. இருபது ஆண்டுகளாக இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் வசிக்கிறேன். நண்பர் கேட்ட அந்த அத்தியாயத்தைப் பற்றி இங்கிருந்து சொல்கிறேன்.

இங்கே அக்டோபர் கடைசியில் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. பாய்லர்கூடத் தாங்கிவிடும். உடைவது சின்னச் சின்ன உறுப்புகள்தான். கைப்பம்பின் உடல், ஒருவழி வால்வு, கேஜ் கிளாஸ், அழுத்தமானிக்குக் கீழே வளைந்திருக்கும் குழாய். உள்ளங்கையளவு தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கே வசந்தகாலத்தில் விரிசல் தெரியும். என் முதல் வருடம் பம்பு ஒன்று அப்படிப் போயிற்று.

கையேடுகளில் உறைபனிக்கான வேலையும் துருவுக்கான வேலையும் ஒரே தலைப்பில் கலந்து எழுதப்பட்டிருக்கின்றன. இங்கே இரண்டும் ஒரே மாதத்தில் வருவதால் பிரித்து எழுதும் தேவை யாருக்கும் வரவில்லை. டெல்டாவில் முதலாவது இல்லை. இரண்டாவது இங்கேயுள்ளதைவிடப் பலமடங்கு. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவாகத்தான் இருக்கும். நம் ஊர் ஐப்பசிக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும், அங்கே அடைமழையில் 90ஐத் தொடுகிறது. ஆகவே அந்த அத்தியாயத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பம்பு வெடிக்கும் என்ற பக்கத்தைத் தாண்டிவிட்டு, எண்ணெய், பேக்கிங், உலர்த்தல் பற்றிய பக்கங்களை இரண்டு முறை படியுங்கள்.

முழுக் குடம் என்று ஐயா சொன்னதும் இங்குள்ள 'டாலி' நினைவுக்கு வந்தது. 1850 வாக்கில் கட்டிய நீராவிப் படகு. 1895இன் கடும் உறைபனியில் அல்ஸ்வாட்டர் ஏரியில் மூழ்கியது. 1962இல் முக்குளிப்பவர்கள் மேலே கொண்டுவந்தார்கள். 67 ஆண்டு ஏரிக்கடியில் கிடந்தும் எஞ்சினோடு மீண்டு வந்து, இன்று விண்டர்மியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுக்கத் தண்ணீரில் கிடந்ததுதான் அதைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். ஏரிக்கரையில் மழையிலும் வெயிலிலும் 67 ஆண்டு கிடந்திருந்தால் ஆணிகூட மிஞ்சியிருக்காது.

---

அலையாத்தி எழுதியது:

நான் முத்துப்பேட்டைக்காரி. எங்கள் பக்கம் உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும், அதனால் என் கவலைகள் கொஞ்சம் வேறு.

முதலில் எல்லாருக்கும் பொதுவான ஒன்று. நான்கு வருடத்துக்கு முன்னால், மூன்று மாதம் மூடி வைத்திருந்த படகுக்கு நெருப்புப் போட்டேன். அழுத்தம் 7ஐத் தாண்டி 8க்குப் போகிறது, சேஃப்டி வால்வு வாயே திறக்கவில்லை. கதவைத் திறந்து விறகை வாரித் தண்ணீரில் தள்ளினேன், பம்பு அடித்தேன், எஞ்சினை முழுவீச்சில் ஓடவிட்டு அழுத்தத்தைச் செலவழித்தேன். இறங்கியது. ஆறின பிறகு கழற்றிப் பார்த்தால் வால்வின் வெளியேற்றுக் குழாய் முழுக்கக் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு, சுட்ட செங்கல் மாதிரி இறுகிப்போன மண். உள்ளே காய்ந்த சிலந்திகள்.

வெளிநாட்டுக் கையேட்டில் குளவி வராது. நம் ஊரில் விரல் நுழையும் எந்தக் குழாயும் குளவிக்கு வீடு. மூடும் நாளில் ஒவ்வொரு குழாய் வாயிலும் துணி அடைத்து, சிவப்பு நாடா கட்டித் தொங்கவிடுங்கள். எத்தனை நாடா என்று எண்ணி எழுதி வையுங்கள். திறக்கும் நாளில் அத்தனையும் கைக்கு வந்த பிறகுதான் தீக்குச்சி. என் படகில் பதினொன்று. சேஃப்டி வால்வைக் கையால் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வெளியேற்றுக் குழாயில் ஊதியும் பாருங்கள்.

அடுத்தது பேக்கிங். நீராவி கசியாமல் இருக்கப் பிஸ்டன் தண்டைச் சுற்றிக் கிராஃபைட் பேக்கிங் போட்டிருப்பவர்கள் மூடும்போது அதைப் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். ஈரக் கிராஃபைட்டும் இரும்பும் ஒட்டிக்கிடந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்து தண்டில் அம்மைத் தழும்பு போட்டுவிடும். ஸ்டெயின்லெஸ் தண்டையும் விடாது. பேக்கிங் நூறு ரூபாய்ப் பொருள். தண்டைத் திரும்பக் கடைய ஒரு மாதம் அலைய வேண்டும்.

கடைமடையில் ஓட்டுபவர்கள் படகின் அடியில் கண்டென்சர் குழாய் (நீராவியைத் திரும்பத் தண்ணீராக்குவது) இருந்தால், அதற்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் துத்தநாகக் கட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பிப் பாய்லருக்கு மொண்டு ஊற்றாதீர்கள். மாசி பங்குனியில் கடல் உள்ளே ஏறிவிடும், நாக்கில் வைத்தால் தெரிவதற்கு முன்பே பாய்லர் நுரைக்கத் தொடங்கிவிடும். நான் மழைநீரைக் கேனில் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

---

குறுவை எழுதியது:

அக்கா, குளவி விஷயம் படிச்சதும் இப்பவே ஓடிப்போய் என் படகைப் பார்த்துட்டு வந்தேன். புகைபோக்கிக்குள்ள அணில் கூடு இருந்துச்சு!

எனக்கு ஒரு கேள்வி. எங்க தாத்தா ரைஸ் மில்லு பாய்லர்ல கடுக்காய்த் தண்ணி ஊத்துவாங்கன்னு அப்பா சொல்வார். துரு பிடிக்காதாம். அது உண்மையா? முழுக் குடமா வைக்கிறதுக்குக் கடுக்காய் போடலாமா?

---

பொன்மலை_ஓய்வு எழுதியது:

உங்க தாத்தா செஞ்சதுக்குக் காரணம் இருக்கு. கடுக்காய்ல டானின் இருக்கு, தோல் பதனிடுறது அதாலதான். காரத் தண்ணியில டானின் ஆக்சிஜனைப் பிடிச்சு வச்சுக்கும், இரும்பு மேல கருப்பா ஒரு மெல்லிய படலமும் போடும். பாய்லர் மருந்துகள் பலதுல இன்னிக்கும் டானின் சேர்க்கிறாங்க. ஆனா கடுக்காயை இடிச்சுப் போட்டா டானினோட சக்கை, பிசின், சர்க்கரை எல்லாம் சேர்ந்து போகும். நுரைக்கும். எவ்வளவு போட்டோம்னு அளவும் தெரியாது. ஒரு நல்ல யோசனையைத் தப்பான அளவுல செய்ய வேண்டாம். தயாரா விக்கிற டானின் மருந்தே வாங்கு.

முழுக் குடம் வைக்கிறவங்களுக்கு நான் சொல்றது இது. தண்ணியை உள்ளயே ஒரு தடவை நல்லாக் கொதிக்க வச்சு மேல் காக் வழியா காத்தை விரட்டணும். ஆறினதும் சோடியம் சல்ஃபைட், 22 லிட்டருக்கு ஆறு கிராம் போதும். காஸ்டிக் சோடா கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து, பி.எச் தாளில் 11 காட்டற வரைக்கும். கண்ணாடி போட்டுக்கோ, கையுறை போட்டுக்கோ. பிறகு லேசாச் சூடாக்கிக் கலக்கிட்டு, மேல் காக்கில் தண்ணி வழியுற வரைக்கும் ரொப்பி மூடிடு. ஒரு சொட்டுக் காத்து மேல நிக்கக் கூடாது. நடுநடுவுல எடுத்துப் பார்த்து பி.எச் இறங்கியிருந்தா சேர்த்துக்க. மூணு நாலு வாரத்துக்கு இது நல்ல வழி. தண்ணி திறக்கிற தேதி நிச்சயமில்லாத வருஷத்துல கைகொடுக்கும். 2022இல் மே 24லேயே மேட்டூர் திறந்துட்டாங்க, 2024இல் ஜூலை கடைசி வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தோம். ஜூன் 12னு நம்பிக் காலண்டர் பார்த்து வேலை செய்ய முடியாது. ஆனா நாலு மாசத்துக்குன்னா காலிக் குடம்தான்.

---

சவுக்குத்தோப்பு எழுதியது:

மதகுத் தம்பி சொன்னது சரி. நான் என் கால்வாயை மனசுல வச்சுப் பேசிட்டேன். வெள்ள ஆத்துல யாரும் இறங்க வேண்டாம். ஐயா கேட்டதுக்குப் பதில்: நான் ஓட்டுறது மூணு மணி நேரம், முடிச்சதும் சூட்டோட வடிச்சிடுவேன்.

ஆனா ஒண்ணு சொல்லாம விட்டா தப்பு. கட்டி வைக்கிறதுன்னா நம்ம ஊர்ல புயலுக்கும் சேர்த்துக் கட்டணும். 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா கரையைக் கடந்தப்போ என் கொட்டகை போச்சு, தென்னை இருபத்திரண்டு போச்சு. படகை ட்ரெய்லரோட சேர்த்துக் கட்டியிருந்தேன். ஆனா புகைபோக்கியை மடக்காம விட்டிருந்தேன். காத்து அதைப் பாய்மரம் மாதிரி பிடிச்சுப் படகைச் சாய்ச்சிடுச்சு. பாய்லர் கால் வளைஞ்சு, நீராவிக் குழாய் முறிஞ்சு, ஒரு வருஷ வேலை. நிமிர்ந்த பாய்லருக்கு எடை எல்லாம் மேல. ஐப்பசி முதல் நாளே புகைபோக்கியைக் கழட்டிக் கீழ வச்சிடுங்க. அந்த ஓட்டை மேல ஒரு பழைய மண் சட்டியைக் கவிழ்த்துக் கம்பி போட்டுக் கட்டுங்க. மழைத்தண்ணி சாம்பல்ல விழக் கூடாது. விறகுச் சாம்பல்ல உப்பு இருக்கு, காத்துலேருந்தே ஈரத்தை இழுக்கும். டியூப்பை எல்லாம் பிரஷ் விட்டுச் சாம்பல் ஒரு சிட்டிகை இல்லாம துடைச்சு, எண்ணெய் தடவிட்டுத்தான் மூடணும். உள்பக்கத்துக்குச் செய்யுற பாதுகாப்புல பாதிகூட வெளிப்பக்கத்துக்கு யாரும் செய்யறதில்லை.

---

புன்னை_ஓடம் எழுதியது:

மரப்படகு வச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா, ஃபைபர்காரங்க சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. பாய்லருக்கு உலர்ச்சி நல்லது, பலகைக்கு அதுவே எமன். சித்திரை வெயில்ல மூணு மாசம் கரையில கிடந்தா இடுக்கு எல்லாம் வாய் பிளந்துடும். நான் எஞ்சினையும் பாய்லரையும் தூக்கிக் கொட்டகையில வச்சிட்டு, வெறும் படகைக் குளத்துல கல்லைப் போட்டு அமிழ்த்திடுவேன். எங்க அப்பா ஓடத்தை அப்படித்தான் வச்சிருந்தார். தண்ணி திறக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி எடுத்து, நிழல்ல ஆறவிட்டு, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி இடுக்குல பூசிடுவேன். குளம் வத்துற வருஷத்துல ஈரச் சாக்கு போத்தித் தினம் தண்ணி தெளிக்கணும்.

---

மூன்றாம்_மதகு எழுதியது:

அரசலாறு தம்பிக்கு இன்னொண்ணு. 22 லிட்டர்னு சொன்னீங்க. 25 லிட்டருக்குக் குறைஞ்ச பாய்லரை 1923ஆம் வருஷச் சட்டம் கணக்குல எடுத்துக்கலை. அதுக்குப் பதிலா வந்த 2025 சட்டத்துலயும் அந்த எல்லை இருக்கு. சட்டம் கேக்காததால யாரும் வந்து பார்க்க மாட்டாங்க, நாமதான் பார்த்துக்கணும். மூடித் திறக்கிற ஒவ்வொரு வருஷமும் நெருப்புப் போடறதுக்கு முன்னாடி தண்ணி அழுத்தச் சோதனை செய்யுங்க. பச்சைத் தண்ணி முழுக்க ரொப்பி, கைப்பம்பால 7க்கு ஒன்றரை மடங்கு, பத்தரை கிலோ. அரை மணி நேரம் நிக்கணும். ஏன் தண்ணின்னா, அது அழுத்தத்துல அவ்வளவா சுருங்காது. எங்கயாவது விட்டுப்போனா ஒரு சொட்டு வந்து நின்னுடும். காத்தையோ நீராவியையோ வச்சுச் சோதிச்சா அது வெடிகுண்டு. ஒரு லிட்டர் தண்ணி நீராவியானா ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல இடம் கேக்கும்.

படகைப் பதிவு செய்யறதுக்கு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 இருக்கு. அதுக்கு முன்னாடி இருந்த 1917 சட்டம் முதல்ல உள்நாட்டு நீராவிக் கலங்களுக்குன்னேதான் எழுதினது. நம்ம படகு மாதிரிகளை நினைச்சு எழுதின சட்டம்னு எனக்கு அதுமேல ஒரு பாசம். பதிவு பத்தியும், ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடி நீர்வளத் துறையிலயும் எழுதிக் கேட்டுடுங்க.

---

அரசலாறு16 எழுதியது:

எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தையில முடிக்க மனசு வரலை. செஞ்சதைச் சொல்றேன்.

கார்த்திகை முதல் வாரம் மழை விட்ட ரெண்டு நாள்ல ஏரியில ஒரு கடைசி ஓட்டம். கடைசிப் பத்து நிமிஷம் சிலிண்டர் ஆயிலைத் தாராளமா விட்டேன். ஐயா சொன்ன மாதிரி 1 கிலோவுல வடிச்சு, கை சுடச்சுடத் திறந்து உலர்த்தினேன். வெந்நீர்த் தொட்டியில (நீராவி திரும்பத் தண்ணியாகி வந்து சேர்ற இடம்) எண்ணெய் பிடிக்கப் போட்டிருந்த பீர்க்கங்கூடு ரெண்டும் கன்னங்கரேல்னு இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு காய வச்சிருக்கேன். பேக்கிங் எடுத்தாச்சு. அழுத்தமானி, கேஜ் கிளாஸ் வீட்டுக்குள்ள. புகைபோக்கி கீழே, சட்டி மேலே. சிவப்பு நாடா ஒன்பது. மாசத்துக்கு ஒரு தடவை ஃப்ளைவீலைக் கால் சுத்து சுத்தி வைக்கிறேன்.

---

அரசலாறு16 எழுதியது:

மாசி முதல் தேதி. மேட்டூர் மூடி ரெண்டு வாரம் ஆச்சு, அரசலாத்துல மணல் தெரியுது. பாய்லர் உள்ள தொங்கவிட்டிருந்த சிலிகா ஜெல் பையை எடுத்துப் பார்த்தேன்.

மார்கழி நடுவுல பார்த்தப்போ நாலு பையில ரெண்டு முழு ரோஸ். கைத்துளை மூடி வாஷர் சரியா உக்காரலை, அந்த வழியா பனிக்காத்து போயிருக்கு. காலையில எட்டு மணிக்குப் போய்த் தொட்டா பாய்லர் வெளிப்பக்கமெல்லாம் வியர்த்திருந்தது. ராத்திரி குளிர்ந்த இரும்பு சூடேறறதுக்கு முன்னாடி ஈரக்காத்து வந்து படிஞ்சிடுது. வாஷர் மாத்தி, அடுப்புக்குள்ள ஒரு 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டேன். அதுக்கப்புறம் வியர்வை இல்லை. இன்னிக்கு நாலு பையும் நீலம். டார்ச் அடிச்சா அந்தப் பழைய கோடு இருந்த இடம் சாம்பல் நிறமா, காஞ்சு கிடக்கு. நகத்துக்கு ஒரே ஒரு குழிதான் தட்டுப்படுது, அதை அளக்க ஆள் பார்த்திருக்கேன். தண்ணி அழுத்தச் சோதனை வைகாசியில.

ஜெல் மொத்தமா வாங்கினதுல ரெண்டு கிலோ பிரிக்காம இருக்கு. கும்பகோணம், பாபநாசம் பக்கம் யாருக்காவது வேணும்னா இங்க எழுதுங்க, கொண்டுவந்து கொடுக்கிறேன்.

---

குறுவை எழுதியது:

அண்ணா, எனக்கு ஒரு கிலோ. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன், பாய்லரையும் பார்க்கணும்.